கோடெக்குக்கு ஒரு கைப்பிடி மிளகாய்

"திங்கட்கிழமைக்குள்ள அதை நெட்ல இருந்து எடுத்துடணும் சாரே. இல்லெங்கில் கேஸாகும்."

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் கொச்சி வக்கீல் ஜின்சன் போனை வைத்ததும், ஆனந்தகுமாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எடுக்கச் சொன்னது, கோயம்புத்தூர் வேலையை விட்டபின் அவன் கொழிஞ்சாம்பாறை வீட்டில் உட்கார்ந்து எழுதிய இலவசக் கோடெக்கை. பெரிய வீடியோவைச் சுருக்கி, இத்துனூண்டு சிக்னலிலும் அனுப்பிவிடும் மென்பொருள் அது. சாந்தன்பாறை எஸ்டேட் பிள்ளைகள் முருகேஸ்வரி டீச்சரின் பாடத்தைப் பார்ப்பதே அதில்தான். படத்தில் அசைவதை மட்டும் அனுப்பும் அதன் உத்தி கம்பெனியின் காப்புரிமையாம்!

"என்ற சொந்த யோசனை பிரியா! அதெப்படி அவனுங்களுது ஆகும்?" என்று மனைவி செல்வப்பிரியாவிடம் குதித்தான்.

குதித்து என்ன பயன்? உத்தியை மாற்றினான். பின்னணியை ஒரே முறை அனுப்பி, அதன்மேல் ஆளை ஒட்டினான். உடனே டீச்சரின் போன்.

"ஏந்தம்பி, நான் எந்திரிச்சு வந்துட்டேன், என் தலை மட்டும் போர்டுலயே நிக்குதாம்ல! பிள்ளைக அலறுதுக!"

தலையை இறக்குவதற்குள் ஜின்சன் போனில் வந்துவிட்டார். "சாரே, இதுவும் நம்மட காப்புரிமையாணு."

அடுத்து, முகத்தைத் தெளிவாக்கி மற்றதை மங்கலாக்கினான். டீச்சரின் மூக்குத்தி பளிச்சென்று தெரிந்தது. போர்டில் போட்ட கணக்குதான் தெரியவில்லை. அதற்கும் காப்புரிமை இருந்தது!

ஆனந்தகுமார் எந்தப் பக்கம் திரும்பினாலும் எவனோ ஒருத்தன் முன்கூட்டியே போய் நிற்கிறான்.

"எவன் அவன், என்ற மண்டைக்குள்ளயே குடியிருக்கறான்? அவனை அம்மன் பாத்துக்குவா!"

மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் பொள்ளாச்சி பஸ் ஏறி ஆனைமலை போனார்கள். மாசாணியம்மன் கோயிலில் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசினால், வஞ்சித்தவனை அவள் சும்மா விடமாட்டாள். ஆனந்தகுமார் கைப்பிடி மிளகாயை வெண்ணெயாக அரைத்தான்.

"இதைக் கண்டுபுடிச்சவனுக்கு உடம்பெல்லாம் எரியோணும் தாயே!"

அழுத்தி அழுத்திப் பூசினான்.

"ஏனுங்க, பேரைச் சொல்லாம வேண்டுனா அம்மன் யாரைப் போயிப் புடிப்பா?" என்றாள் செல்வப்பிரியா.

நியாயம்தான். எரிகிற கையோடு வெளியே வந்து ஜின்சனைக் கூப்பிட்டான்.

"இந்த மூணையும் கண்டுபுடிச்ச புண்ணியவான் யாருங்க?"

"சாருக்கு அறியில்லையா?" ஜின்சன் திகைத்தார். "கோயம்புத்தூர்ல வேலையை விட்டப்போ சார் கம்பெனிக்கு உரிமை எழுதிக் கொடுத்ததல்லே எல்லாம்? அந்தக் கம்பெனியை நாங்க வாங்கிட்டோம். கண்டுபிடிச்ச ஆள் சார் தன்னே!"