மிச்ச மாத்திரை அண்ணே

மலேசியாவின் ஈப்போ நகரில், எங்கள் சிலிபின் வட்டாரத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், அவர்களுக்கு முன்னால் குணமானவர் எங்கள் பக்கத்து வீட்டு மிச்ச மாத்திரை அண்ணேதான்.

ஓய்வுபெற்ற லோரி டிரைவர். யார் வீட்டில் மருந்து மிஞ்சினாலும் வாசலில் வந்து நிற்பார். "சாயாங் லா, வீணாப் போகுதே, தூக்கிப் போட்டுறாதீங்க. நான் முழுங்கிக்கிறேன்." என் மனைவிக்குப் பிரசவத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக்கூட விடவில்லை. "இரும்பு எல்லாருக்கும் இரும்புதானே மச்சான்!" எதிர்வீட்டுப் பூனையின் பூச்சி மாத்திரையை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

சென்ற ஆண்டு யாரோ கொடுத்த மூட்டுவலி மாத்திரைகளை, வலியே இல்லாமல், வாரக்கணக்கில் விழுங்கினார். கால் வீங்கியது. சிறுநீர் சொட்டுச் சொட்டாகக் குறைந்தது. அவர் மனைவி என் கதவைத் தட்ட, காரில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓட்டினேன்.

சிறுநீரகத்தில் ஊசியால் துணுக்கெடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் இளம் தமிழ்ப்பெண்.

"அந்த மாத்திரை ஒத்துக்கல அங்கிள். உங்க ரத்தத்துல காவலுக்கு இருக்கிற வெள்ளையணுக்கள் அதை எதிரின்னு நெனச்சு கிட்னிக்குள்ள புகுந்துருச்சு. அந்தச் சண்டையில கிட்னியே வீங்கிப்போச்சு."

அண்ணேயின் முகம் தொங்கிவிட்டது. "என் ஆளுங்களே என்னைய அடிச்சிட்டாங்களா? எல்லாரையும் வேலைய விட்டுத் தூக்கிருங்க டாக்டர்!"

"ஐயோ, அவங்க வேணும். பின்னாடி குப்பையைக் கூட்டி, கிட்னிய சரி பண்றதுலயும் அவங்களுக்கு வேலை இருக்கு. இப்போதைக்கு அடக்கி வைக்கணும். அதுக்குத்தான் இந்த ஸ்டீராய்டு மாத்திரை. அதுக்கும் கேக்கலேன்னா டயாலிசிஸ்."

ஊர் மாத்திரையெல்லாம் விழுங்கியவர், தன் பெயர் எழுதி வந்த மாத்திரையைக் கண்டு நடுங்கினார். "வேணாம் மச்சான். இதும் ஒத்துக்கலேன்னா?"

நான் கெஞ்சினேன். நர்ஸ் அதட்டினார். கடைசியில் அவர் மனைவி தண்ணீர்க் குவளையை நீட்டினார். "இத்தன நாளு ஊருக்காக முழுங்குனீங்க. இத எனக்காக முழுங்குங்க."

கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார்.

பிறகு காத்திருந்தோம். ஒரு காலை, தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்தும் மாமாக் கடையில் தே தாரிக், அதாவது நுரை பொங்க ஆற்றிய டீ, குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"மச்சான், வந்துருச்சு லா! பாட்டில் நெறைய! டயாலிசிஸ் வேணாமாம்!"

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன வந்துருச்சு? பார்சலா?"

"மூத்திரம், பாய்," என்றேன்.

சிரித்தார். என் கலங்கிய கண்ணைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "பேசுனது யாரு?"

பக்கத்து வீடு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"என் கூடப்பொறந்தவரு, பாய்."