பெஞ்சண்ணன் காட்டிய மயில்கழுத்து

உலகத்தில் உட்காரத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் ஆரணிக்காரர். நாமெல்லாம் கால் வலித்தால் இடுப்பை மடக்குகிறோம், அவ்வளவுதான்.

நான் வேலை செய்யும் பட்டுக் கடையில்தான் அவரும் வேலை செய்கிறார். புடவைப் பையோடு பஸ் ஏறி, தி.நகர் கடைகளில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் பொறுப்பு. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும். ஆனால் முதலாளியைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. ஊருக்கே அவர் பெஞ்சண்ணன். சென்னைக் கடை மேனேஜர்கள் பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு நாலு மணிக்குத்தான் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். மற்ற ஊர் ஆட்கள் அதுவரை கடைப் படிக்கட்டில் நின்று கருவாடாகக் காய்வார்கள். இவர் நேராகப் போய் ஏதாவது ஒரு பூங்காவில் உட்கார்ந்துவிடுவார். இப்படியே இருபது வருஷம்.

விளைவு, சென்னையில் எந்தப் பூங்காவில் எந்த பெஞ்சுக்கு எத்தனை மணிக்கு நிழல் வரும், எத்தனை மணிக்கு அது எதிர் பெஞ்சுக்குக் கட்சி மாறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கிரானைட் பெஞ்சு என்றால் முகம் சுளிப்பார். “மத்தியானத்துல அது தோசைக்கல்லு. உக்காந்தா மொறுமொறுன்னு எழுந்துக்குவ.” யாராவது இறந்தவர் நினைவாக வைத்த பெஞ்சாக இருந்தால், பொறித்த பெயரைப் படித்து, “கொஞ்ச நேரம் உக்காந்துக்கறங்க” என்று அனுமதி வாங்கிக்கொண்டுதான் உட்காருவார்.

ஆரணியிலிருந்து யார் வெளியூர் கிளம்பினாலும் முதலில் இவரிடம் யோசனை கேட்பார்கள்.

“அண்ணே, பெங்களூரு போறன். மச்சான் கூட சொத்துப் பேச்சு.”

“மொதல்ல லால்பாக் போ. பாறை மேல ஏறாத, வெயிலு பொசுக்கிடும். ஏரிப்பக்கமா மரத்தடியில ஒரு மணி நேரம் சும்மா உக்காந்துகினு இரு. அப்பறமா மச்சானப் பாரு.”

போனவர் சண்டை இல்லாமல் திரும்பினார். அதுவும் மச்சான் கொடுத்தனுப்பிய மைசூர்பாகோடு. அன்றிலிருந்து எனக்கு அவர் மேல் கொஞ்சம் பயம் கலந்த பக்தி. ஆனாலும் இதையெல்லாம் தற்செயல் என்று சொல்லித் திரிந்தவன்தான் நான், போன ஆவணி வரைக்கும்.

ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் குமரேசன் என்று ஒரு நெசவாளர். வருஷக்கணக்காகச் சாதாரணப் புடவையே நெய்துகொண்டிருந்தவருக்கு முதன்முதலாக ஒரு முகூர்த்தப் புடவை ஆர்டர் கிடைத்தது. மயில்கழுத்துக் கலர். நீளவாக்கில் ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. அசைத்தால் நீலம் மறைந்து பச்சை எழும். தறியில் இருக்கும்போதே அவர் வீட்டு வாசல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து நான்தான் சென்னைக்கு அனுப்பினேன். கல்யாணப் பெண்ணுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முதலாளி மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார்: “இது திரும்பி வந்துச்சுன்னா, இனிமே குமரேசனுக்கு முகூர்த்தப் புடவையே கிடையாது.”

புடவை போகும் நாளில் குமரேசனும் மனைவியும் காலையிலேயே பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார்கள். “முடிஞ்சதும் ஒரு போன் போடுங்கண்ணே” என்றார் குமரேசன். அவர் மனைவி பையையே பார்த்துக்கொண்டு நின்றார். போட்டோ எடுத்தவன் என்பதால் என்னையும் துணைக்கு அனுப்பியிருந்தார்கள்.

தி.நகர் கடையில் கல்யாணப் பெண்ணும் அவள் அம்மாவும் வந்து சேரவே நாலு மணி தாண்டிவிட்டது. கூரை முழுக்க லைட். புடவையை விரித்தோம். அந்த வெளிச்சத்தில் பச்சை எழவே இல்லை. பெண்ணின் அம்மா ஒரே பார்வைதான் பார்த்தார்.

“இது நேவி ப்ளூ. ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கு.”

நான் அவசரமாகப் போட்டோவை எடுத்துக் காட்டினேன்.

“பாத்தியா? ஃபில்டர் போட்டு ஏமாத்தியிருக்காங்க!” என்றார் பெண்ணிடம்.

உதவி செய்யப் போய் குழியை இன்னும் ஆழமாக வெட்டியிருந்தேன். மேனேஜர், “எடுத்துட்டுப் போயிடுங்க சார்” என்று கையை விரித்தார். பெஞ்சண்ணனோ புடவையைப் பார்க்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, உங்களுக்கு ஒரு கால் மணி நேரம் இருக்குதுங்களா?”

“எதுக்கு?”

“உக்கார்றதுக்குங்க.”

அந்த அம்மா காலையிலிருந்து ஏழெட்டுக் கடை ஏறி இறங்கியவர். திட்ட வாயெடுத்தவர், உட்காருவது என்ற சொல்லைக் கேட்டதும் தயங்கிவிட்டார். ஐந்து நிமிஷத்தில் நாங்கள் எல்லாரும், வேடிக்கை பார்க்க வந்த மேனேஜர் உட்பட, தெருவைக் கடந்து ஒரு பூங்காவுக்குள் இருந்தோம்.

ஆட்டோ ஹாரன், பூ விற்கும் குரல், கடை ஸ்பீக்கர் எல்லாமே கேட்டைத் தாண்டியதும் அடங்கிவிட்டன. உள்ளே தூங்குமூஞ்சி மரங்கள். இலை விழும் சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது. “பத்து வருஷமா எதிர்லயே இருக்கேன், உள்ள வந்ததே இல்ல” என்றார் மேனேஜர், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி மெதுவாக. வாட்ச்மேன் பையைப் பார்த்துவிட்டு, வியாபாரம் செய்யக்கூடாது என்ற போர்டைக் காட்டினார்.

“வியாபாரம் அங்கியே முறிஞ்சிடுச்சுப்பா. சும்மா உக்கார வந்தோம்.”

பெஞ்சண்ணன் அம்மாவையும் பெண்ணையும் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார். பையைத் திறக்கவில்லை. அந்த அம்மா செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, பெருமூச்சு விட்டார். என் போன் அடித்தது. குமரேசன்.

“எடுக்காத,” என்றார் பெஞ்சண்ணன். “வெயிலு இன்னும் எறங்கல.”

இன்னொரு முறை அடித்து நின்றது. அவர் அண்ணாந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். பையிலிருந்து புடவையை எடுத்து, ஒரு முனையைப் பெண்ணிடம் கொடுத்து, மறுமுனையோடு நாலடி பின்னால் போனார்.

சாய்ந்த வெயில் இலைகளுக்கு நடுவே இறங்கி வந்தது. காற்று லேசாகப் புடவையைத் தூக்கியது. நீலம் எழுந்து, புரண்டு, பச்சையானது. பச்சை மறுபடி நீலத்துக்குள் போய் ஒளிந்தது. பட்டுக் கடையிலேயே பிழைப்பு நடத்துகிறேன், அப்படி ஒரு நிறத்தை நான் அதுவரை கண்டதில்லை. வாக்கிங் போன பெரியவர்கள் நின்றுவிட்டார்கள். தொப்பையைக் குறைக்க வந்த ஒருவர் மூச்சு விடவும் மறந்து நின்றார்.

“அம்மா, இதேதான்!” என்றாள் பெண்.

அம்மா லேசுப்பட்டவர் இல்லை. “கல்யாண மண்டபத்துல இந்த வெளிச்சம் இருக்குமா?”

“இருக்காதுங்க,” என்றார் பெஞ்சண்ணன். “ஆனா மண்டபத்துல ஒரு நாளுதாங்க. அப்பறம் பாப்பா வெளியில வந்துதான வாழணும்?”

அந்த அம்மா அவரையே பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். புடவையைத் தன் கையாலேயே மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் போனதும் குமரேசனுக்குப் போன் போட்டேன். “புடிச்சிருக்குதாம்ணே, எடுத்துகினாங்க” என்றேன். அந்தப் பக்கம் போன் கை மாறியது. பிறகு அவர் மனைவியின் குரல், “அண்ணங்கிட்ட குடுங்க” என்றது. கொடுத்தேன். ஏதேதோ சொல்லி அழுதார் போலிருக்கிறது. பெஞ்சண்ணன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “மொதல்ல ரெண்டு பேரும் சாப்புடுங்கம்மா” என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பித் தந்தார்.

அப்புறம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்தார். பக்கத்து இடத்தைத் துண்டால் தட்டித் துடைத்தார்.

“வா, உக்காரு. கடையில இருந்தே நீ நின்னுகினே இருக்கிற.”

உண்மைதான், அது எனக்கே தெரியாது. உட்கார்ந்தேன். அவ்வளவு பெரிய ஊரில் எனக்கென்று ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்தது அதுதான் முதல் தடவை.