ஒருவரும் சாகாத ஆய்வு

மனிதகுலத்தின் இதயத்தைக் காக்கும் மாபெரும் பொறுப்பு, கண்டம் கண்டமாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் புதுச்சேரியை வந்தடைந்தது. உழவர்கரையில் ஒரு தனியார் மருத்துவமனை அதைப் பணிவோடு ஏற்று, மூன்றாம் மாடியில் குடிவைத்தது. லிஃப்ட் பழுது. இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர்கள் படியேறித்தான் வரவேண்டும். மேலே வந்து சேர்ந்தவர்கள் புது மருந்து ஆய்வுக்குத் ‘தகுதியானவர்கள்’. பாதியில் உட்கார்ந்துவிட்டவர்கள் கீழே இறங்கிக் காசு கட்டி வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு நேர்மையான தேர்வை எந்தத் தேர்வாணையமும் நடத்தியதில்லை.

பஞ்சநாதன் ஏறிவிட்டார். மூடிப்போன பஞ்சாலையில் இருபத்தாறு வருஷம் வேலை. அதில் பதினோரு வருஷம் சங்கச் செயலாளர். இப்போது புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வாட்ச்மேன். நாலடி வேகமாக நடந்தால் நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கும். அவருக்குப் பின்னால், படிக்கு ஒரு முருகா சொல்லிக்கொண்டு அம்மாவாசை வந்தார். அதே ஆலை, அதே ஷிப்டு, அதே அடைப்பு. தவளக்குப்பத்தில் இளநீர் விற்பவரை ‘இலவச மருந்துடா’ என்று இழுத்து வந்ததே பஞ்சநாதன்தான்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர் ஜெயசித்ரா, இருபத்திரண்டு பக்க ஒப்புதல் படிவத்தை நாலே வரியில் விளக்கினார்.

“நீங்க வழக்கமா சாப்புடுற மாத்திரையோட இன்னொரு மாத்திரை தருவோம், ஐயா. நாப்பது பேர்ல இருபது பேருக்கு நெஜ மருந்து. இருபது பேருக்கு வெறும் மாவு. பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கும்.”

“எனக்கு எதும்மா?”

“எனக்குத் தெரியாதுங்க.”

“டாக்டருக்கு?”

“அவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது. அதான் விஞ்ஞானம்.”

பஞ்சநாதன் நெகிழ்ந்துபோனார். ஆலை நிர்வாகத்தோடு எத்தனையோ பேச்சுவார்த்தைக்குப் போனவர் அவர். ‘பாதிப் பேருக்குத் தரமாட்டோம்’ என்பதை இவ்வளவு மரியாதையாக, எழுத்துமூலமாக, பிஸ்கட்டும் கொடுத்துச் சொன்ன நிர்வாகத்தைக் கண்டதேயில்லை. கையெழுத்துப் போட்டார். அம்மாவாசையையும் போடவைத்தார்.

முதல் மாத மாத்திரை டப்பாக்கள் கைக்கு வந்ததுமே, எதிர் டீக்கடையில் பொதுக்குழு கூடியது. நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் பழைய ஆலைத் தொழிலாளர்கள். மற்றவர்கள் டீ குடிக்க வந்து உறுப்பினரானவர்கள்.

“ஒருத்தனுக்கு மருந்து, பக்கத்துல குந்தியிருக்கறவனுக்கு மாவு. இது இன்னா ஞாயம்?” என்று தொடங்கினார் பஞ்சநாதன்.

“எவனுக்கு எதுன்னே தெரியலியே, எப்புட்றா சண்ட போடுறது?” என்று கேட்டார் அம்மாவாசை.

“சண்டையே வேணாம். எல்லா மாத்திரையும் ஒண்ணாக் கொட்டு. கலக்கு. ஆளுக்கு முப்பது எடு. எல்லாருக்கும் பாதி மருந்து, பாதி மாவு. சமமாப் பூடும்.”

நாற்பது கைகள் உயர்ந்தன. டீக்கடைக்காரரின் எவர்சில்வர் குண்டானில் ஆயிரத்து இருநூறு மாத்திரைகள் விழுந்தன. பொரியைக் குலுக்குவதுபோல் குலுக்கினார்கள். ஆலையில் கடைசிவரை எட்டாத சமத்துவம், டீக்கடையில் கால்மணி நேரத்தில் வந்துவிட்டது. மாதாமாதம் முதல் திங்கட்கிழமை இது முறைப்படி நடந்தது.

ஆய்வும் செழித்தது. ஒருவரும் ஒரு மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. கூட்டத்தில் கேள்வி வருமே! இப்படியொரு ‘ஒழுக்கத்தை’ எந்த நாட்டிலும் பார்த்ததில்லை என்று மருந்துக் கம்பெனி அதிகாரி விமல்ராஜ் நேரில் வந்து, ஆய்வை நடத்தும் டாக்டர் சக்கரபாணிக்குப் பொன்னாடை போர்த்தினார்.

ஐந்தாம் மாதம், தவளக்குப்பம் சந்திப்பில் இளநீர்க் குலையை வண்டியிலிருந்து இறக்கும்போது அம்மாவாசை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் பஞ்சநாதன் மருத்துவமனைக்குப் போனார். மூன்று மாடிக்கு மூன்று இடத்தில் உட்கார்ந்தார். இந்த முறை இறுக்கியது அடைப்பு மட்டுமல்ல.

“சார், நாங்க மாத்திரையெல்லாம் கலந்து பிரிச்சிக்கினோம்.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “யார் யாரு?”

“நாப்பது பேரும். மொத நாள்லேர்ந்து.”

டாக்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “இதை நீங்க சொல்லலை. நானும் கேக்கலை.”

“அம்மாவாசை டப்பாவுல இருந்தது மருந்தா, மாவா? அத்த மட்டும் சொல்லுங்க. மருந்துன்னா, அவன் பங்கப் புடுங்கித் தின்னு நாங்க உசுரோட இருக்கோம். யோசனை என்னுது சார். சோறு எறங்கல.”

“அது எனக்கும் ரகசியம்.”

“செத்தவனுக்குக் கூடவா?”

“யார் செத்தது?” டாக்டர் கணினியைத் திருப்பிக் காட்டினார். “பாருங்க. உயிரிழப்பு: இல்லை. அஞ்சாம் மாசம் ஒருத்தர் வரலை. அவ்வளவுதான். அறிக்கை கம்பெனிக்குப் போயாச்சு. இதுக்குமேல கிளறினா ஆய்வையே நிறுத்திடுவாங்க. மீதி முப்பத்தொன்பது பேருக்கும் மாத்திரை கிடையாது. பரவாயில்லையா?”

மற்ற மருத்துவமனைகள் சாவை எதிர்த்து மருந்தாலும் கத்தியாலும் போராடித் தோற்கின்றன. இங்கே அதற்குப் பட்டியலில் இடம் தராமலே ஜெயித்திருந்தார்கள்.

ஜெயசித்ரா ‘வெளியேறியவர் படிவம்’ கொண்டுவந்தார். வெளியேறிய காரணம் என்று அதில் மூன்று கட்டங்கள்: விருப்பமின்மை, வேலைப்பளு, ஊர் மாற்றம்.

“கூட வந்தவர் நீங்கதானே, ஐயா. ஒண்ணுல டிக் அடிச்சிக் குடுங்க.” சொல்லும்போது அவர் பஞ்சநாதனின் முகத்தைப் பார்க்கவில்லை.

பஞ்சநாதன் படிவத்தை வாங்கிக்கொண்டார். முப்பத்தொன்பது பேரையும் நினைத்தார். பிறகு ‘ஊர் மாற்றம்’ கட்டத்தில் டிக் அடித்தார். அதன் கீழே ‘தற்போதைய முகவரி’ என்றிருந்தது. சங்கத் தீர்மானம் எழுதிப் பழகிய கை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார்: ‘தவளக்குப்பம் சுடுகாடு. அனுப்பி வைத்தவர்கள் கீழே கையெழுத்திட்டுள்ளோம்.’

முதல் கையெழுத்தைத் தானே போட்டுவிட்டுக் காகிதத்தை டாக்டரிடம் நகர்த்தினார். டாக்டருக்கு விமல்ராஜிடமிருந்து போன் வந்திருந்தது. “ஆமா சார், ஒருத்தர்கூட இல்லை, நூறு சதவீதம்,” என்று பேசிக்கொண்டே, படிக்காமல் கையெழுத்திட்டு, முத்திரையையும் குத்தினார்.