நிக்காஹ் பார்க்க ஒரு பெட்டி

பழைய கொம்பியூட்டரைக் கண்டால் கை சும்மா இருக்காத ஒரு வகை மனிதர் இந்த உலகத்தில் உண்டு. அவரை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். சந்திக்கவில்லையென்றால் உங்களுக்குச் சொந்தக்காரரே இல்லையென்று அர்த்தம். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று நாள்தான் ஆகியிருக்கும், உங்களைப் பார்க்கத்தான் அவரும் வந்திருப்பார், ஆனால் செருப்பைக் கழற்றும் முன்பே அவர் கண் உங்கள் டீவியில் போய் விழும், பெருமூச்சும் அதற்காகத்தான் வரும். "இதில வெறும் சேனல் மட்டும்தான் பாக்கிறீங்களா?" என்று கேட்பார். நீங்கள் இத்தனை வருடமாக அரிசியை அவிக்காமலே தின்றுவந்தது போன்ற இரக்கம் அந்தக் குரலில் இருக்கும். அடுத்ததாக, "பழைய கொம்பியூட்டர் ஏதும் கிடக்குதா? வீசிப்போடாதீங்க" என்பார். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள்.

நான் எப்படி இவ்வளவு அறிவேன் என்கிறீர்களா? அப்படி ஒருவரைத்தான் கலியாணம் முடித்திருக்கிறேன்.

என் கணவர் அபூதாஹிருக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வேலை. அவர் கைபட்ட வீடுகள் மூதூரில் மூன்று, புல்மோட்டையில் ஒன்று. அந்த வீடுகளை நீங்கள் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். டீவிக்குப் பக்கத்தில், அதோடு இணைத்த பழைய கொம்பியூட்டர் மூடியில்லாத ஒரு இரும்புப் பெட்டியாய் நெல் குத்தும் மில்லைப் போல இரையும், அந்த இரைச்சலை வெல்ல டீவியின் சத்தத்தைக் கூட்டுவார்கள், அதை வெல்ல வீட்டார் கத்திக் கதைப்பார்கள், சுவரில் பதினொரு படிகள் கொண்ட செய்முறைத் தாள் ஒட்டியிருக்கும். மூடி ஏன் இல்லை? "காத்துப் போகோணும்." றிமோட் எங்கே? "அது இனித் தேவையில்ல." நானூற்றுச் சொச்சம் வீடியோக்களைப் பெட்டிக்குள் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் படம் ஒட்டி, அகரவரிசையில் அடுக்கிவிட்டுத்தான் அவர் எழும்புவார். அதில் ஒன்றையாவது யாராவது பார்த்தார்களா? அந்தக் கேள்வியை என் வீட்டில் கேட்கக்கூடாது.

இப்படியிருக்கையில் கிண்ணியாவில் அவருடைய தங்கை நஜ்முன் நிஸாவின் மகள் சனூஸாவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. எங்கள் பக்கத்தில் நிக்காஹ் பள்ளிவாசலில் நடக்கும், ஆண்கள் போவார்கள், பெண்கள் வீட்டில் காத்திருப்பார்கள். நிஸா சொன்னாள்: "என்ட நிக்காஹையும் நான் காணல்ல, ஆரோ ஓடிவந்து முடிஞ்சுதெண்டு சொன்னாங்க. என்ட மகள்ற நிக்காஹையாவது இந்தக் கண்ணால காணோணும் நானா."

தன் அண்ணனான நானாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள், பார்த்தீர்களா?

ஒரு போனில் பார்த்திருக்கலாம். "நிக்காஹப் போன்லயா பாக்கிற?" என்று என் மனுசன் துடித்துப்போனார். மறுநாளே மோட்டார் சைக்கிளில் அவர் முன்னால், பெட்டியை மடியில் வைத்தபடி நான் பின்னால், கிண்ணியாப் பாலத்தைக் கடந்தோம். இறங்கியபோது எனக்குக் கால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன்.

ஏற்பாடு இதுதான். நிஸாவின் மச்சினன் அகீல் பள்ளிவாசலில் நின்று, நடப்பதைப் போனில் அப்படியே படம் பிடித்து அனுப்புவான். அந்தப் படம் பெட்டிக்கு மட்டும் வரும். பெட்டிக்கு இணையம் என் மனுசனின் போனிலிருந்து போகும், அதனால் அந்தப் போனுக்கு அழைப்பே வராதபடி செய்துவிட்டார். எல்லாம் சரி. ஒரேயொரு சிக்கல், நிக்காஹின் இரண்டு சாட்சிகளில் ஒருவர் அவர்தான்.

நிக்காஹ் நாளன்று, "இந்தா, அஞ்சு நிமிசத்தில போறன்" என்று பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னர் சொன்னார். தொழுகை முடிந்து நிக்காஹ் தொடங்கும் நேரத்தில், உடுத்த புது வெள்ளைச் சாரத்தோடு டீவி மேசைக்கு அடியில் கிடந்தார். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். திரையில் நீலம். கூடம் நிறையப் பெண்கள். நிஸா கதிரையின் நுனியில் அமர்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று படம் வந்தது. மௌலவி, மாப்பிள்ளை, நிஸாவின் கணவர் றஊப், பக்கத்தில் ஒரு வெற்றிடம். மௌலவியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது: "மற்றச் சாட்சி எங்க? அபூதாஹிர் வந்திட்டாரா?"

அத்தனை பேரும் திரும்பி அந்தப் பாதங்களைப் பார்த்தோம்.

"மாமா, உங்களத்தான் தேடுறாங்க" என்றாள் அறை வாசலில் நின்ற மணப்பெண்.

மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "சத்தம் துப்புரவாக் கேக்குதா?"

"கேக்குது."

"நான் சொன்னன்தானே." பெருமையோடு வெளியே ஊர்ந்து வந்தார். படம் போய்விட்டது. மறுபடி உள்ளே போனார், படம் வந்தது. பெட்டியின் பின்னால் வயர் செருகும் இடத்தை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்தால்தான் நிக்காஹ் தெரியும்.

"விடுங்க, நான் பிடிக்கிறன். நீங்க ஓடுங்க" என்றேன்.

"உனக்கு ஏலாது. அதுக்கு ஒரு சரிவு இருக்கு."

பள்ளியில் தேடுகிறார்கள். இங்கே அவர் போனால் நிஸாவுக்குப் படமில்லை. கடைசியில் நிஸாதான் முடிவெடுத்தாள். "நானா, நீங்க அசையாதீங்க. பஹ்மியா, என்ட மனுசனுக்குப் போன் எடுங்க. வேற ஆள சாட்சிக்கு இருத்தச் சொல்லுங்க."

பக்கத்து வீட்டுப் பஹ்மியா அழைத்தாள். திரையில் றஊப் சட்டைப் பையைத் தடவிப் போனை எடுப்பதையும், மௌலவியின் காதில் ஏதோ சொல்வதையும், மௌலவி சிரிப்பை அடக்குவதையும் நாங்கள் கண்டோம். யாரோ ஒருவர் வந்து அந்த இடத்தில் அமர்ந்தார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்று வாயால் சொன்னார். நிஸா முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். "கண்டுட்டன், கண்டுட்டன்" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாழாய்ப்போன பெட்டியை அப்போது கட்டிப்பிடித்திருப்பேன்.

"என்ன நடக்குது? முடிஞ்சுதா?" என்று மேசைக்கு அடியிலிருந்து கேட்டது. பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. பள்ளியிலும் காணாமல், டீவியிலும் காணாமல், தங்கை மகளின் நிக்காஹ் முழுவதையும் என் மனுசன் சுவர்த் தூசியைப் பார்த்தபடி நடத்திவைத்தார். உண்மையிலேயே பாவமாக இருந்தது.

அந்த இரக்கம் எவ்வளவு நேரம் நிலைக்கும்? பஹ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கட வீட்டிலயும் ஒரு பழசு கிடக்கு நானா" என்றாள். இரண்டு பாதங்களும் சந்தோசத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டன.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். நிஸா அழுத இடத்தை வாசிக்கும்போது உங்கள் மனம் எங்கே இருந்தது? வயரில் பிழையில்லை, செருகும் இடந்தான் தேய்ந்துபோயிருக்கும், நானாயிருந்தால் அதைப் பத்தே நிமிடத்தில் மாற்றியிருப்பேன் என்று நினைத்தீர்களா? அப்படியென்றால் உங்கள் மனைவியின் போன் இலக்கத்தை எனக்குத் தாருங்கள். எங்களுக்குக் கதைக்க நிறைய இருக்கிறது.