பட்டாசுப் பெட்டியில ஏறின அத்தை

போன பட்டாசு சீசன்ல ஒரு நாள் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அத்தையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு போட்டோ எடுக்கணும்.

அத்தைன்னா என் வீட்டுக்காரரோட அம்மா. எம். புதுப்பட்டியில பிறந்தவங்க. நான் சிவகாசியில ஒரு அச்சாபீஸ்ல பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் டிசைன் பண்றேன். சின்ன வயசுல பெரிய ஓவியர் ஆகணும்னு கனவு கண்டவ. இப்ப ராக்கெட் பெட்டியில இருக்கிற கிளிக்கு வால் சரி பண்ணிக்கிட்டு இருக்கேன். கனவு பலிச்சிருச்சு, சைஸ்தான் கொஞ்சம் சின்னது.

அதுக்கு முந்தின நாள் போன்ல பார்த்த வீடியோவுல ஒருத்தர் கோட்டு மாட்டிக்கிட்டு, "உங்க கனவை விடாதீங்க, அடுத்தவங்க கனவையும் நிறைவேத்தி வைங்க"ன்னு பேசினார். நான் அப்படியே உருகிட்டேன். உருகினவ சும்மா இருந்திருக்கலாம். ரசத்தைத் தாளிச்சுக்கிட்டே அத்தைகிட்ட கேட்டுட்டேன்.

"அத்தை, சின்னப் பிள்ளையில உங்களுக்கு என்ன ஆசை இருந்துச்சு?"

அத்தை யோசிக்கவே இல்ல. "பட்டாசுப் பெட்டியில எம் படம் வரணும்."

"என்னது?"

"பள்ளிக்கூடம் போற வயசுல லேபிள் ஒட்டப் போனவ நானு. எல்லாப் பெட்டியிலயும் எவளோ ஒருத்தி சிரிச்சுக்கிட்டு இருப்பா. அம்புட்டு பேருக்கும் பசை தடவினது நான். ஒரு நாளாச்சும் எனக்கு எவளாச்சும் பசை தடவட்டுமேன்னு தோணும்."

நான் கரண்டியோட அத்தையையே பார்த்துக்கிட்டு நின்னேன். ரசம் பொங்கி அடுப்பும் அணைஞ்சிருச்சு.

அப்ப எங்க ஆபீசுக்குப் பூச்சட்டி, அதான் புஸ்வாணம், அதுக்கு லேபிள் ஆர்டர் ஒண்ணு வந்திருந்தது. "யாராவது ஒரு பொம்பளை படமா பாத்துப் போடுத்தா"ன்னு முதலாளி அண்ணாச்சி சொல்லியிருந்தார். பொம்பளை வீட்டுலயே இருக்காகளேன்னு கிளம்பிட்டேன்.

ஸ்டுடியோவுல அத்தை பட்டுச்சேலையில விறைப்பா உக்காந்திருந்தாங்க.

"அம்மா, கொஞ்சம் சிரிங்க"ன்னார் போட்டோகிராபர்.

"சிரிச்சுக்கிட்டுத்தான இருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கண்ணு ரெண்டையும் உருட்டி, உதட்டை இறுக்கி மூடி, ஒரு படம் வந்தது. அதுதான் இருக்கிறதுலயே நல்ல படம்.

அதுல சுத்தியும் பூப்பூவா வச்சு, தலைக்கு மேல 'மகாராணி'ன்னு எழுதி அண்ணாச்சிகிட்ட குடுத்துட்டேன். அத்தை தெரு முழுக்கச் சொல்லிட்டாங்க. "இந்தத் தீவாளிக்குக் கடையில வாங்கிப் பாருங்க, நான் இருப்பேன்."

லேபிள் அச்சடிச்சு, பெட்டி கடைக்குப் போனப்புறம்தான் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா, பூச்சட்டிக்காரர் அந்தப் படத்தை வேண்டாம்னுட்டார். அந்தம்மாவைப் பாத்தா பத்த வைக்கவே பயமா இருக்காம்."

"ஐயோ. அப்புறம்?"

"நல்ல படம் வீணாப் போகுதேன்னு வேற ஆர்டருக்குப் போட்டுட்டேன்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"பாம்பு மாத்திரைக்கு. சும்மா சொல்லக்கூடாது, அம்சமாப் பொருந்திருச்சு. பூவை எல்லாம் எடுத்துட்டு, தலைக்குப் பின்னாடி ஒரு நாகத்தை நானே நிக்க வச்சுட்டேன்."

மகாராணி பாம்பு மாத்திரை. பத்த வச்சா கருகருன்னு நெளிஞ்சு வரும். மேல எங்க மாமியார். டிசைன், மருமகள்.

நான் வீட்டுக்குப் போறதுக்குள்ள என் வீட்டுக்காரர் ஒரு பெட்டியோட வாசல்ல நின்னார்.

"எங்கம்மா மேல கோவம்னா வாயால சொல்லியிருக்கலாம்ல? அச்சடிச்சா ஊருக்கு விப்பாக?"

பதில் சொல்றதுக்குள்ள மல்லாங்கிணறுல இருந்து நாத்தனா போன். "நல்லாச் செஞ்சீக மதினி. கலர்ல வேற போட்டிருக்கீக."

அதுக்குள்ள அத்தை வந்து பெட்டியை வாங்கிட்டாங்க. கண்ணாடியைப் போட்டாங்க. தூரமா வச்சுப் பார்த்தாங்க, கிட்ட வச்சுப் பார்த்தாங்க. நான் அம்மா வீட்டுக்கு எந்த பஸ்ல போகலாம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்.

"பின்னாடி என்னத்தா, நாகமா?"

"ஆமா அத்தை."

"குடை பிடிச்சாப்புல நிக்கி." அப்புறம் விரலால படத்தைத் தடவினாங்க. "இருக்கன்குடி மாரியாத்தா மாதிரியே இருக்கேன்ல?"

"அதை மனசுல வச்சுத்தான் போட்டேன் அத்தை"ன்னேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவே இல்ல.

அன்னைக்குச் சாயங்காலமே அத்தை கடையில ஒரு கட்டு வாங்கி, வீடு வீடாப் போய் ஆளுக்கொரு பெட்டி குடுத்துட்டு வந்தாங்க. வாங்கினவங்க சிலர் கன்னத்துல போட்டுக்கிட்டாங்களாம். அதைச் சொல்லும்போதுதான் அத்தை நிஜமாவே சிரிச்சதைப் பார்த்தேன். அதைப் போட்டோ எடுக்கத்தான் ஆள் இல்ல.

ராத்திரி சாப்பிடும்போது நாத்தனா மறுபடியும் போன். குரல் தேனா இருந்துச்சு.

"மதினி, எங்க மாமியா படம் ஒண்ணு அனுப்புறேன். அவுகளுக்கும் சின்ன வயசுல இருந்து ஆசையாம். பாம்பு மட்டும் கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

அடுத்தவங்க கனவை நிறைவேத்துறதுல ஒரு சிக்கல் இருக்கு. ஆர்டர் குவிஞ்சிரும்.