மில் காதுக்கு வாங்கிய ஸ்பீக்கர்

வீட்டில் முதன்முதலாகப் படித்தவனாக இருப்பதில் ஒரு சிரமம் உண்டு. 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் சொல்லவே முடியாது. சொன்னால், பிறகு எதற்கு உன்னைப் படிக்க வைத்தோம் என்ற கேள்வி வரும். நான் டிப்ளமோ எலக்ட்ரிகல். எனவே எங்கள் தெருவில் ஒயர் உள்ள பொருள் அத்தனையும் என் பொறுப்பு. ஒயர் இல்லாததும்தான். (பெரியம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒருமுறை நான்தான் படித்து விளக்கினேன். அவர் பிழைத்துக்கொண்டதற்கும் என் விளக்கத்துக்கும் சம்பந்தமில்லை.)

இப்படிப்பட்டவன் ஒரு பழைய கார் வாங்கினால் அதில் ஸ்பீக்கரை மட்டும் சும்மா விடுவானா? அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஆர்.கே.பேட்டையில் தீபா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். எனக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது என்பதை, வேலைக்குப் போவதை நிறுத்த மாட்டேன் என்று அவள் சொல்லி, நான் தலையாட்டியபோது தெரிந்துகொண்டேன். அடுத்தபடியாக அவள் வீட்டார் எளாவூரில் இருக்கும் எங்கள் வீட்டைப் பார்க்க வர வேண்டும். வீடு சின்னது. அதை ஒரு மாதத்தில் பெரிதாக்க முடியாது. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து அவர்களை அழைத்து வரும் காரில் பாட்டாவது பெரிதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். எந்த ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் தாங்கும், எத்தனை ஓம், அதற்கு ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு தர வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். இன்றைக்கும் சொல்கிறேன், அந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

கும்மிடிப்பூண்டி கடைத்தெருவில் சலீம் பாய் கார் செட் கடை வைத்திருந்தார். நான் தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கிறேன். பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருளைகளுக்கு நடுவே கம்பியாக ஓடும் இடம். காதில் வைக்க மஞ்சள் நிறத்தில் அடைப்பான் கொடுப்பார்கள். அதைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வோம். சேஃப்டி ஆபீசர் தூரத்தில் தெரிந்தால் காதுக்குள் போகும். முதல் ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்ததும் நேராகப் பாய் கடைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன்.

அவர் போட்ட முதல் ஜோடி ஸ்பீக்கர் மங்கலாகப் பாடியது. இரண்டாவதும் அப்படியே. கீச்சென்ற மேல் சத்தத்தைத் தரும் ட்வீட்டர் ஓடுகிறதா என்று கேட்டேன். பாய் காதை அதன் பக்கத்தில் கொண்டுபோய், உடனே எடுத்துக்கொண்டு, ஓடுகிறது என்றார். இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபயர் கேட்டேன். மாட்டினார். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். வெயிலுக்காக இருக்கும் என்று நினைத்தேன்.

கடைசியாக மேல் தட்டிலிருந்து ஒரு ஆம்ப்ளிஃபயரை இறக்கி வைத்துவிட்டுப் பாய் சொன்னார்:

"தம்பி, இது மண்டபத்துல வெக்கிற ஆளுங்க கேக்குற பவரு. ஒரு லீவு நாள்ல நல்லா குளிச்சிட்டு, ஃப்ரெஷ்ஷா வந்து ஒரு தபா கேளு. அப்பால மாட்டலாம்."

குளித்துவிட்டு வா என்றதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மில்லில் வேலை செய்பவன் என்றால் இளக்காரமா? நோட்டைப் பிரித்து வைத்து இருபது நிமிடம் பேசினேன். "சரி, நீ படிச்சவன்" என்று பாய் அதையே மாட்டிவிட்டார்.

ஆனாலும் நான் அவசரக்காரன் இல்லை. மற்றவர்களின் அபிப்பிராயமும் கேட்டேன். ஷிப்ட் முடிந்ததும் கிரேன் ஓட்டும் அந்தோணியைக் காரில் உட்கார வைத்தேன். பிறகு அதே மில்லில் இருபத்தாறு வருடமாக உலையடியில் நிற்கும் என் அப்பாவை. இருவரும் கண்ணை மூடிக் கேட்டார்கள். "இப்பதான்டா பாட்டு மாதிரி இருக்குது" என்றான் அந்தோணி. வாசலில் நின்ற அம்மா மட்டும், "இன்னா நைனா இது, ஊடே ஆடுது" என்றாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, பையன் கணக்குப் போட்டு வாங்கியிருக்கிறான் என்று அப்பா அடக்கிவிட்டார்.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, மில்லிலேயே குளித்து (பாய் சொன்னதற்காக அல்ல), சட்டை மாற்றி, ஸ்டேஷனுக்குப் போனேன். தீபாவின் அப்பா முன்சீட்டில் உட்கார்ந்தார். அம்மாவும் தாய்மாமனும் பின்னால். தாய்மாமன் ஆர்.கே.பேட்டையில் மளிகைக் கடை வைத்திருப்பவர். எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்.

மரியாதையாக அம்மன் பாட்டு போட்டேன். பம்பையும் உடுக்கையும் ஒன்றாகத் தொடங்கின. தீபாவின் அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினார். பக்தி என்று நினைத்தேன். அவள் அப்பா டேஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண்ணாடியில் பார்த்தால் தாய்மாமனின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. மில்லில் யார் என்ன சொன்னாலும் காதில் விழாது, சிரித்துத் தலையாட்டிவிடுவோம். அதே பழக்கத்தில் சிரித்துத் தலையாட்டினேன். அவர் தன் காதைத் தொட்டுக் காட்டினார். காதுக்கு இனிமை என்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு புள்ளி ஏற்றினேன். எளாவூர் சோதனைச்சாவடி பக்கம் ஒரு லாரி டிரைவர் கீழே இறங்கி, தன் வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு டயராகப் பார்த்தார்.

வீட்டில் அப்பா அவர்களோடு, கிரேனில் இருப்பவனிடம் பேசுவது போலப் பேசினார். காப்பி குடித்தார்கள். ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சாவியை எடுத்தேன். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, வேண்டாம், ஷேர் ஆட்டோ இருக்கிறது என்றார்கள். ஆட்டோ வரும்வரை வெயிலில் நின்றார்கள்.

மறுநாள் தரகர் போன் செய்தார்.

"பையனுக்குக் காது மந்தம்னு ஏன் மறைச்சீங்க? அப்பாவுக்கும் அதே கேஸாமே, பரம்பரையாம். அவங்க வேற எடம் பாக்கப் போறாங்க."

விஷயத்தை முழுதாகச் சொன்னது தீபாதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் அவள் மாமா எனக்குப் பின்னால் நின்று மூன்று முறை மெதுவாக என் பெயரைச் சொன்னாராம். நான் எதிரே இருந்த காலண்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேனாம். "போன்ல நல்லாத்தானே கேக்குது உங்களுக்கு? எங்க மாமா எதையும் எழுத்துல பார்த்தாதான் நம்புவாரு. டாக்டர் கிட்ட ஒரு பேப்பர் வாங்கினு வாங்க. வேற ஆளுங்க வர்றதுக்குள்ள" என்றாள். கடைசி வாக்கியத்தை அவள் சொன்ன விதத்தில் அன்றிரவே டாக்டரைத் தேடத் தொடங்கினேன்.

அடுத்த நாளே ஷிப்ட் முடித்து, வழி நெடுக அம்மன் பாட்டோடு, திருவள்ளூரில் ஒரு காது டாக்டரிடம் போனேன். கண்ணாடி அறைக்குள் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போது பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பட்டனை அழுத்த எனக்கு அதிக வாய்ப்புக் கிடைக்கவில்லை. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, எங்கே வேலை, எப்போது ஷிப்ட் முடிந்தது என்று விசாரித்தார். அத்தனை சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றால் காது பல மணி நேரத்துக்கு மந்தமாகத்தான் இருக்கும். அடைப்பான் கழுத்தில் இருந்தால் காதைக் காப்பாற்றாது. இரண்டு நாள் லீவு போட்டு, அமைதியாக இருந்துவிட்டு வா என்றார்.

எந்தக் காதை வைத்து நான் ஸ்பீக்கர் வாங்கினேன் என்பது அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் வீட்டில் இருந்தேன். கூரையில் காக்கை நடப்பது கேட்டது. மூன்றாம் நாள் காலை திருவள்ளூருக்குக் கிளம்பக் காரில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். அன்றைக்குத்தான் நான் வாங்கிய ஆம்ப்ளிஃபயரை முதல்முறையாகக் கேட்டேன். அடுத்த நினைவு, நான் காருக்கு வெளியே, தெருவின் எதிர்ப்பக்கத்தில் நிற்பது. அம்மா வாசலில் நின்றபடி, "இப்பக் கேக்குதா நைனா?" என்றாள்.

இரண்டாவது டெஸ்டில் இரண்டு காதும் நார்மல். அப்பாவையும் ஒருமுறை அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவருக்கு இரண்டு நாள் லீவு போதவில்லை. பத்து நாளும் போதவில்லை. இப்போது நான் அடைப்பானைக் காதில்தான் வைக்கிறேன். அந்தோணிக்கும் நானே திணித்துவிடுகிறேன்.

ஆம்ப்ளிஃபயரைப் பாய் ஒன்றும் கேட்காமல் திருப்பி எடுத்துக்கொண்டார். டாக்டர் கொடுத்த தாளின் நகல் ஆர்.கே.பேட்டை மளிகைக் கடையில் இரண்டு நாள் இருந்தது. தாய்மாமன் அதைக் கடைக்கு வந்த ஒரு கம்பவுண்டரிடமும் காட்டி உறுதி செய்துகொண்டார் என்று கேள்வி. கல்யாணம் நடந்தது.

அசல் தாளைத் தீபா லேமினேட் செய்து சமையலறைக் கதவில் ஒட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிலில் படுத்திருக்கும்போது, குப்பையைக் கொட்டிவிட்டு வரும்படி ஒருமுறை சொல்வாள். நான் அசையாவிட்டால் இரண்டாம் முறை சொல்வதில்லை. அந்தத் தாளை விரலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அது கேட்கவில்லை என்று சொல்ல எனக்குச் சட்டப்படி வழியில்லை.