தட்டைத் தின்பதாகச் சொன்னேன்

என் மாமனார் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். "மாப்பிள்ளை, என் பொண்ணு சண்டை போட்டா கவலையே படாதீங்க. ஆனா எதுவும் பேசாம 'சரி'ன்னு ஒத்துக்கிட்டா மட்டும்..." அதற்கு மேல் என்ன சொன்னார் என்பது நினைவில்லை. கல்யாணமான புதிது. நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பியவன் நான். பெட்டிகளைப் பிரிப்பதற்குள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மண்டபம், சமையல், அலங்காரம் எல்லாம் மனைவியின் கையில். எனக்கென்று மகள் ஒரே ஒரு வேலை கொடுத்தாள்.

"அப்பா, வரவேற்புக்குத் தட்டு மட்டும் உங்க பொறுப்பு. சாப்பிட்டுத் தூக்கிப் போட்டா மண்ணோட மண்ணா மக்கணும். துளி பிளாஸ்டிக் இருந்தாலும் நான் மேடை ஏற மாட்டேன். அதுக்காகக் கொள்ளை விலையும் கொடுக்கக் கூடாது."

ஒரே வேலை. அதிலும் தோற்றால் இந்த வீட்டில் நான் வெறும் நாற்காலி.

தட்டுகளைப் பற்றி இரண்டு மொழிகளில் படித்தேன். கடை கடையாக ஏறி இறங்கினேன். சாப்பாட்டு மேசையில் சாப்பாட்டுக்கு இடமில்லாமல் மாதிரித் தட்டுகள் நிறைந்தன. கரும்புச் சக்கைத் தட்டு, மூங்கில் தட்டு, கடைசியாக என் கண்டுபிடிப்பு: வெள்ளைக் காகிதத் தட்டு. ஓரத்தில் பச்சை இலைப் படம். எல்லாவற்றையும் விட மலிவு.

மனைவி தன் பங்குக்கு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். பழுப்பு நிறம். பார்த்தால் வறட்டி மாதிரி இருந்தது.

"என்ன இது?"

"கோதுமைத் தவிட்டுத் தட்டு. தெருமுனை பேக்கரிக்காரர் செய்யறார். சாப்பிட்டு முடிச்சதும் தட்டையும் சாப்பிடலாமாம்."

விழுந்து விழுந்து சிரித்தேன். "தவிட்டைத் தின்ன நான் என்ன மாடா?"

"அதை என் வாயால சொல்லணுமா?"

"இங்க பாரு, என் தட்டு. காகிதம். காகிதம் மரத்துலேருந்து வருது. மரம் மண்ணுலேருந்து வருது."

"அந்தப் பளபளப்பு எங்கேருந்து வருது?"

"அது... மெருகு."

"எனக்கென்னவோ பிளாஸ்டிக் பூசினாப்பல இருக்கு."

"இலை போட்டிருக்கான் பாரு!"

"இலைப் படம் போட்டா இலை ஆயிடுமா? உங்க படத்தைக்கூடத்தான் சிரிச்ச முகமா கூடத்துல மாட்டியிருக்கோம்."

மனிதனுக்கு ரோஷம் வரக் கூடாத நேரம் என்று ஒன்று உண்டு. எனக்கு அப்போதுதான் வரும்.

"இதுல துளி பிளாஸ்டிக் இருந்தா, நான் தட்டையே தின்னுடறேன்!"

"தட்டையா?"

"தட்டையேதான்!"

"யார் முன்னாடி?"

"யார் முன்னாடி வேணும்னாலும். ஞாயித்துக்கிழமை சம்பந்தி வரார் இல்ல? அவர் முன்னாடி!"

"சரி" என்றாள்.

மாமனார் குரல் காதில் லேசாகக் கேட்டது. வழக்கம்போல முதல் பாதி மட்டும்.

சம்பந்தி பல் மருத்துவர். யார் சிரித்தாலும் முகத்தைப் பார்க்க மாட்டார், பல்லைப் பார்ப்பார். ஞாயிறு மாலை வந்து உட்கார்ந்தார். நான் மண்ணைப் பற்றியும் மனிதனைப் பற்றியும் பேசினேன். கடல் ஆமைகளுக்காகக் குரல் தழுதழுத்தது. "உங்க மேல்வரிசை ரொம்ப நல்லா இருக்கு சம்பந்தி" என்றார் அவர்.

அப்போது மனைவி ஒரு வாளியோடு வந்தாள்.

"காலையிலேருந்து வெந்நீர்ல ஊறுது" என்று வாளிக்குள் கையை விட்டாள். என் தட்டு! களிமண் மாதிரி குழைந்திருந்தது. கட்டை விரலால் தேய்த்தாள். காகிதம் கூழாகி வழிந்தது. இலைப் படமும் வழிந்தது. எல்லாம் வழிந்த பிறகும் அவள் கையில் ஏதோ மிச்சம் இருந்தது. மெல்லிசாக. கண்ணாடி மாதிரி. வட்டமாக.



மகள் அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அதன் வழியாக என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க இதுல நல்லாத் தெரியறீங்க."

மனைவி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சம்பந்தி, உங்க சம்பந்தி ஒரு வாக்கு கொடுத்திருக்கார்" என்று மனைவி ஆரம்பித்தாள். முழுக்கச் சொன்னாள். என் குரலிலேயே சொன்னாள்.

பல் மருத்துவர் பதறிப்போனார். "ஐயையோ, வேண்டாம்மா! பிளாஸ்டிக் குடலுக்கு ஆகாது!"

"நான் என்ன அவ்வளவு கல்நெஞ்சக்காரியா? தட்டைத் தின்னுடறேன்னுதான் சொன்னார். எந்தத் தட்டுன்னு சொல்லலையே."

என் முன்னால் பழுப்பாக ஒன்று வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தேன். கழுத்தில் கட்டிக்கொள்ள ஒரு கைக்குட்டை வேறு.

மகளைப் பார்த்தேன். கைப்பேசியைத் தயாராக வைத்திருந்தாள்.

கடித்தேன். தெருவில் போகிறவர் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும், அப்படி ஒரு சத்தம்.

"முன்பல் வேண்டாம் சம்பந்தி, கடைவாய்ல போடுங்க" என்று மருத்துவர் எழுந்து வந்து மேற்பார்வை பார்த்தார். பிறகு தானும் ஒரு விள்ளல் உடைத்துத் தேனில் தோய்த்தார். இன்னொரு விள்ளல் எடுத்தார். "அட, பரவாயில்லையே! ஈறுக்கும் நல்லது."

எனக்குக் கடைசியாக ஓர் ஆயுதம் மிச்சமிருந்தது.

"விலை?" என்றேன், தவிடு தெறிக்க.

"உங்க தட்டுல சூப் ஊத்திப் பார்த்தேன். நடுவுல தொங்குது. ஆளுக்கு ரெண்டு அடுக்கித்தான் கொடுக்கணும். இதுல ஒண்ணு போதும். உங்க மலிவு அங்கயே போச்சு. இதுல குப்பை அள்ற கூலியும் மிச்சம்."

ஆயுதமும் போயிற்று.

"எதுக்கும் யோசிச்சு, ரெண்டு நாள்ல..." என்று இழுத்தேன்.

"எதுக்கு ரெண்டு நாள்? அண்ணே, உள்ள வாங்க!"

வாசலில் செருப்புச் சத்தம். பேக்கரிக்காரர்! தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு.

"இவரை எப்போ வரச் சொன்னே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"நீங்க தட்டைத் தின்னுடறேன்னு சொன்னீங்களே, அன்னிக்கே."

மாமனார் சொன்னதன் பின்பாதி அப்போது நினைவுக்கு வந்தது: "...உடனே சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போயிடுங்க மாப்பிள்ளை."

வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, தவிட்டுத் தட்டுக்கே முன்பணம் கொடுத்தேன்.